அத்தியும் பரங்கியும்: ஊட்டமும் விலையும்

(தோட்டக்கலை, ஊட்டச்சத்துப் பணிகளில் பயிற்சி பெறும் அலுவலர்களிடையே ஆற்றிய உரை)

தோட்டக்கலை வளர்ச்சி பற்றிய ஆய்வுகளில் பரப்பு, விளைச்சல், விலை ஆகிய மூன்றுமே முன்னிடம் பெறுகின்றன. விளைந்த பொருளின் ஊட்டம் யாருடைய உணவில் சென்று சேர்கிறது என்னும் நான்காவது கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. இக்கேள்விக்கு விடை காண இரண்டு விளைபொருள்களை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று சீமையத்தி, மற்றொன்று பரங்கி இனம்.

இரண்டுமே வெளியிலிருந்து இந்தியாவுக்கு வந்தவை. சீமையத்தியின் தாயகம் மேற்கு ஆசியா. ஆற்றோரங்களில் வளரும் நாட்டு அத்தி வேறு, இது வேறு. பரங்கி இனம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் மேற்கொண்ட பயணத்திற்குப் பின்னரே பிற கண்டங்களுக்குப் பரவியது. அவ்வினத்தில் ஓக் மரக் கொட்டையின் வடிவமும், ஆழ்ந்த வரிப்பள்ளங்களும், கரும்பச்சைத் தோலும் கொண்ட ஏகார்ன் பரங்கி அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெயர் பெற்றது. இந்தியாவில் பரவலாகப் பயிராவது அதன் உறவினமான, உருவிற் பெரிய, மஞ்சள் சதையுடைய பரங்கியாகும்.

‘அத்தி பூத்தாற்போல’ என்னும் வழக்கைத் தமிழர் அனைவரும் அறிவர். அத்தி பூக்காமல் இல்லை; அதன் பூக்கள் உள்ளேயே மறைந்துள்ளன. பழம் என்று உண்ணப்படுவது உட்புறமாக மடிந்த பூங்கொத்தே. புனே வட்டாரத்துச் சீமையத்தி மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும் இயல்புடையது. பரங்கியின் நிலை வேறு. ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே மலர்வதால், தேனீக்கள் வந்தாலன்றிக் காய் பிடிப்பதில்லை. ஆகவே, பூக்கள் மலர்ந்திருக்கும் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிப்பது விளைச்சலையே குறைத்துவிடும்.

இனி ஊட்டத்தை நோக்குவோம். 100 கிராம் புதிய அத்திப்பழம் ஏறத்தாழ 74 கலோரி தருகிறது. அதே எடையுள்ள ஏகார்ன் பரங்கி 40 கலோரியும், சாதாரணப் பரங்கி 26 கலோரியும் தருகின்றன. நார்ச்சத்து அத்தியில் ஏறத்தாழ 3 கிராம். ஏகார்ன் பரங்கியில் 1.5 கிராம். சுண்ணாம்புச் சத்தில் இவ்விரண்டும் ஏறக்குறையச் சமமே. அத்தியில் 35 மில்லிகிராம், ஏகார்ன் பரங்கியில் 33 மில்லிகிராம். வைட்டமின் சி அத்தியில் 2 மில்லிகிராம் மட்டுமே. ஏகார்ன் பரங்கியில் 11 மில்லிகிராம். பொட்டாசியத்திலும் பரங்கி இனமே முந்துகிறது.

அத்தியின் புகழுக்குக் காரணம் உலர்ந்த பழமாகும். 100 கிராம் உலர் அத்தியில் 162 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், ஏறத்தாழ 10 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. ஆயினும், யாரும் ஒரே நாளில் 100 கிராம் உண்பதில்லை. வழக்கமாக உண்ணும் 2 பழங்களின் எடை ஏறத்தாழ 16 கிராம். அவற்றிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து 26 மில்லிகிராம் அளவே. வயது வந்தோரின் அன்றாடத் தேவையோ 1,000 மில்லிகிராம். மேலும், உலர் அத்தியின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. நீரிழிவு நோயுடையோர் இதனை மறத்தல் ஆகாது.

மிகப் பெரிய வேறுபாடு வைட்டமின் ஏ அளவில் காணப்படுகிறது. 100 கிராம் அத்தியில் 7 மைக்ரோகிராம். ஏகார்ன் பரங்கியில் 18 மைக்ரோகிராம். மஞ்சள் சதையுடைய சாதாரணப் பரங்கியிலோ ஏறத்தாழ 426 மைக்ரோகிராம். இது வயது வந்த பெண் ஒருவரின் அன்றாடத் தேவையில் பாதியாகும். சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் இச்சத்து உடலில் நன்கு சேரும். வைட்டமின் ஏ பற்றாக்குறையால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க 1970ஆம் ஆண்டில் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டியிருந்த நாட்டில், இவ்வுண்மை சிறியதன்று.

பொருளாதார நோக்கில் அத்திக்கு உரிய இடம் வேறு. மகாராஷ்டிர மாநிலம் புனே மாவட்டத்தில் உள்ள புரந்தர் வட்டாரத்து அத்தி 2016ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மழை குறைந்த அம்மேட்டு நிலத்தில் கிணற்றுப் பாசனத்தைக் கொண்டு உழவர் இதனை விளைவிக்கின்றனர். பறித்த பழம் ஓரிரு நாள்களுக்குமேல் தாங்காது. புனே, மும்பை நகரச் சந்தைகள் அருகில் இருப்பதே இப்பயிரின் பலம். சந்தைக்கு வண்டி போகாத நாளில் இழப்பு முழுவதும் உழவரையே சாரும். உலர் அத்தியோ ஆப்கானிஸ்தானத்திலிருந்து பெருமளவில் இறக்குமதியாகிறது. ஆகவே, உலர்த்துவதற்கேற்ற இரகங்களும் பதன வசதியும் இப்பகுதிக்கு இன்றியமையாதவை.

பரங்கி விளைவிப்போரின் நிலையும் கருதத்தக்கது. கங்கை, யமுனை ஆற்றுப் படுகைகளில் வெள்ளம் வடிந்தபின், நிலமற்ற குடும்பங்கள் மணலில் குழி தோண்டி, எருவிட்டுக் கொடிப்பயிர்களை வளர்க்கின்றன. அடுத்த மழைக்குள் அறுவடையை முடித்தாக வேண்டும். எல்லாரது காயும் ஒரே காலத்தில் சந்தைக்கு வருவதால் விலை வீழ்கிறது. குத்தகைக்கு எழுத்துச் சான்று இல்லாதபோது வங்கிக் கடன் பெறுவதும் அரிதாகிறது. முற்றிய பரங்கி, குளிர்பதனமின்றிக் காற்றோட்டமான இடத்தில் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். ஆயினும், சேமித்து வைக்க இடமும், காத்திருக்கப் பொருள் வசதியும் இல்லாதவருக்கு அவ்வியல்பால் பயனில்லை.

எனவே, விலையை ஊட்டத்தின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. அத்தி வருவாய்ப் பயிர். அதற்கு வேண்டியவை பதனத் தொழிலும் சந்தை வசதியும். பரங்கி ஊட்டப் பயிர். அதற்கு வேண்டியது உறுதியான கொள்முதல். 1975ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளும், பள்ளி உணவுக் கூடங்களும் அருகில் விளையும் பரங்கியை அறுவடைக் காலத்தில் வாங்கி இருப்பில் வைத்தால், உழவருக்கு விலையும் குழந்தைக்கு ஊட்டமும் ஒருசேரக் கிட்டும். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சந்தன் போன்ற, கரோட்டின் மிகுந்த இரகங்களை இதற்கெனப் பரப்பலாம். வீணே எறியப்படும் விதையின் பருப்பிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம் புரதம் உண்டு.

களப்பணிக்குச் செல்லும் அலுவலர்கள் விளைச்சல் கணக்கோடு இக்கணக்கையும் உடன் எடுத்துச் செல்வார்களாயின், மலிவான காயின் மதிப்பு உரிய இடத்தில் உணரப்படும்.