கரப்பான் பூச்சியும் கடற்பசுவும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியரான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று எல்லா வழக்கையும் பேசி முடித்துவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இன்று பரிணாமம் பற்றிப் பேசப் போகிறேன். டைனோசர் காலத்துக்கெல்லாம் உடனே போக வேண்டாம், நம் சமையலறையிலிருந்தே தொடங்கலாம். கரப்பானுக்கு மருந்து வைத்த முதல் வருடம் நன்றாக வேலை செய்தது, இப்போது கேட்பதே இல்லை என்று இங்கே பலர் சொல்லியிருக்கிறீர்கள். மருந்து போலியாக இருக்கலாம்தான். ஆனால் வேறொரு காரணமும் இருக்கலாம்.

அமெரிக்காவில் 1980களில், குளுக்கோஸ் கலந்த விஷத்தீனியைக் கரப்பானுக்கு வைக்கத் தொடங்கினார்கள். இனிப்புக்கு ஆசைப்பட்டு வந்து தின்று செத்தன. சில ஆண்டுகளில் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கரப்பான்கள் அந்தத் தீனியைத் தொடவில்லை. விஷத்தை அல்ல, குளுக்கோஸையே அவை வெறுத்தன. 1993இல் இது அறிவியல் இதழில் பதிவானது. காரணம் 2013இல்தான் தெரிந்தது: அந்தக் கரப்பான்களின் நாக்குக்கு, அதாவது வாய்ப்பகுதியில் உள்ள சுவை நரம்புகளுக்கு, குளுக்கோஸ் கசந்தது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் கரப்பானும் யோசித்துப் பாடம் கற்றுக்கொள்ளவில்லை. கூட்டத்தில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே இனிப்பு கசந்தது. சாதாரண நாளில் அது ஒரு குறை, தீனி குறையும். விஷத்தீனி வைத்த நாளிலிருந்து அதுவே பாதுகாப்பு. இனிப்பை விரும்பியவை செத்தன, கசந்தவை பிழைத்துக் குஞ்சு பொரித்தன. குஞ்சுகளுக்கும் அதே நாக்கு. இதைத்தான் டார்வின் 1859இல் இயற்கைத் தேர்வு என்றார். பிறவியில் வேறுபாடு இருக்க வேண்டும், அது பிள்ளைகளுக்கு இறங்க வேண்டும், பிறப்பதெல்லாம் பிழைக்காத நிலை இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும், மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

வலியவன் வாழ்வான் என்று இதைச் சிலர் சுருக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்தக் கரப்பான் மற்றவற்றைவிட வலியது இல்லை. அந்த வீட்டுக்கு, அந்த நேரத்துக்குப் பொருந்தியது, அவ்வளவுதான்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். புதுக்கோட்டை என்றால் திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். நமக்குக் கடலும் உண்டு என்பதை நாமே மறந்துவிடுகிறோம். அறந்தாங்கியைத் தாண்டிப் போனால் கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம். அதுதான் பாக் விரிகுடா. அந்தக் கடலில் கடற்பசு இருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள்.

மூன்று மீட்டர் வரை நீளம், நானூறு கிலோ அளவுக்கு எடை. பார்த்தால் பெரிய மீன் என்றே தோன்றும். ஆனால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும். அதன் நெருங்கிய உறவு திமிங்கிலம் அல்ல, யானை! எலும்பும் சொல்கிறது, மரபணுவும் சொல்கிறது. யானைக்கு முன்னங்கால்களுக்கு இடையில் மடி இருப்பதைத் திருவிழா யானையிடம் பார்த்திருப்பீர்கள். கடற்பசுவுக்கும் துடுப்பின் அக்குளில்தான் பால்காம்பு. ஆண் கடற்பசுவுக்குச் சிறு தந்தமும் உண்டு.

நிலத்தில் நடந்த விலங்கு கடலுக்குப் போனது எப்படித் தெரியும்? ஜமைக்காவில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை 2001இல் விவரித்தார்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. கடற்பசு இனம்தான், ஆனால் உடலைத் தாங்கும் நான்கு கால்கள். தரையிலும் நடந்திருக்கிறது, நீரிலும் இருந்திருக்கிறது.

கரையோரம் நீர்ச்செடி மேய்ந்த அந்தக் கூட்டத்தில், எலும்பு சற்றுக் கனமாகப் பிறந்தது சிரமமில்லாமல் அடியில் நின்று மேய்ந்திருக்கும். மூக்குத்துளை சற்று மேலே இருந்தது தலையை முழுக்கத் தூக்காமல் மூச்சு வாங்கியிருக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படிச் சலித்துச் சலித்து, இன்றைய கடற்பசுவின் எலும்பு கல் போலக் கனம், மூக்குத்துளை முகத்தின் மேலே, வாய் தரையை நோக்கிக் கீழே. முன்னங்கால் துடுப்பானது, பின்னங்கால் மறைந்தது. துடுப்பை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே விரல் எலும்புகள் இருக்கும். பின்னங்கால் போன இடத்தில் இடுப்பெலும்பின் மிச்சம் இன்னும் இருக்கிறது.

அது மேயும் கடற்புல்லின் கதையும் அதேதான். கடற்புல் பாசி இல்லை. வேர், பூ, விதை எல்லாம் உள்ள செடி. அதன் முன்னோரும் நிலத்திலிருந்து கடலுக்குப் போனவைதான். தண்ணீருக்குள்ளேயே பூத்து, நீரோட்டத்திலேயே மகரந்தம் அனுப்பப் பழகிவிட்டது. கரையிலிருந்து போன புல்லை, கரையிலிருந்து போன விலங்கு மேய்கிறது.

ஆனால் இயற்கைத் தேர்வு புதிதாக வீடு கட்டும் கொத்தனார் இல்லை. பழைய வீட்டை இடித்தும் பூசியும் குடியிருக்கிற ஆள். கடற்பசுவுக்குச் செவுள் வரவில்லை, பழைய நுரையீரல்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் சிக்கினால் நீந்த வழியின்றி மூச்சு முட்டிச் சாகும். ஐந்து கோடி ஆண்டு கடலில் வாழ்ந்த உயிர் கடலிலேயே மூழ்கிச் சாகிறது.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கரப்பானுக்கு மூன்று நான்கு மாதத்தில் அடுத்த தலைமுறை, ஒரு முட்டைப்பையில் முப்பது நாற்பது குஞ்சு. நாம் விஷம் வைத்தால் சில ஆண்டுகளில் ஈடுகொடுத்துவிடும். கடற்பசு எழுபது ஆண்டு வரை வாழும். வயதுக்கு வரவே பல ஆண்டு, கர்ப்பம் ஓராண்டுக்கும் மேல், பிறப்பது ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. நைலான் வலைக்கும் விசைப்படகுக்கும் ஏற்றபடி மாற அதற்கு அவகாசம் இல்லை. இதன் பெரிய உறவான ஸ்டெல்லர் கடற்பசு பேரிங் கடலில் 1741இல் கண்டறியப்பட்டது. இறைச்சிக்காக வேட்டையாடி 1768க்குள் முடித்துவிட்டார்கள். 27 ஆண்டு!

அதனால்தான் 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனால் அரசாணை வலையை அறுக்காது. வலையில் சிக்கியதை நேரத்தோடு பார்த்து, பல ஆயிரம் ரூபாய் வலையை வெட்டி விடுவிப்பவர் மீனவர்தான். அப்படிப் பலமுறை விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது என்ன? கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகும்போது பாட்டிலையும் பையையும் திரும்ப எடுத்து வாருங்கள். கடற்பசு கரை ஒதுங்கிக் கிடந்தால் கூட்டம் கூடி செல்ஃபி எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை மணமேல்குடிப் பக்கம் போனால், ஆவுளியா பார்த்திருக்கிறீர்களா என்று ஒரு மீனவத் தாத்தாவிடம் கேளுங்கள். என்னைவிட நன்றாகப் பாடம் எடுப்பார்.

நம் சமையலறைக் கரப்பானைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும். அந்தச் சாமர்த்தியம் இல்லாத உயிர் ஒன்று நம் மாவட்டக் கடலில் இருக்கிறது. அதற்கு மாற நேரமில்லை, மாற வேண்டியவர்கள் நாம்தான்.

டீ வந்துவிட்டது.