வரிக்கணக்கு கற்றவர் செல்லும் வழிகள்

இலங்கையில் வரியாண்டு மார்ச் மாதம் 31 ஆந் திகதி முடிகின்றது. அவ்வாண்டுக்குரிய வருமான விவரத் திரட்டை நவம்பர் 30 ஆந் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புதல் வேண்டும். ஆதலால் பெரிய கணக்காளர் நிறுவனங்களின் வரிப்பகுதியில் நவம்பர் மாதத்து இரவுகள் நீண்டவை. டிசம்பர் முதலாந் திகதி பிறந்ததும், அங்கே பணிபுரியும் இளைஞர் பலரின் உள்ளத்தில் ஒரே வினா எழுவதுண்டு: இன்னும் எத்தனை நவம்பர்? இதற்குப் பின் போவது எங்கே?

வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து, அத்தகைய நிறுவனமொன்றின் வரிப்பகுதியில் நான்கு ஆண்டு உழைத்து, பட்டயக் கணக்காளர் பரீட்சையையும் முடித்துவிட்ட ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அவள் வேறிடம் தேட விரும்புகிறாள். ஊரிலிருக்கும் தகப்பனாரோ, “பெரிய இடத்தை விட்டு விலகினால், வேலை சரிவரவில்லை என்றுதானே ஊர் சொல்லும், பிள்ளை?” என்று கவலைப்படுகிறார். இவ்வுரையாடல் இன்று பல வீடுகளில் நிகழ்வதாகும்.

தகப்பனாரின் கவலைக்கு முதலில் விடை காணல் நன்று. பெரிய கணக்காளர் நிறுவனத்தின் அமைப்பு ஒரு கூம்பை ஒத்தது. அடியிலே பயிலுநர் பலர். அவர்க்கு மேலே முதுநிலை உதவியாளர். அதற்கும் மேலே முகாமையாளர். உச்சியிலே பங்காளர் சிலர். அடியில் நுழைவோர் எல்லோரும் உச்சியை அடைதல் இயலாது. சில ஆண்டுகளில் பெரும்பாலோர் வெளியேறுவர் என்பதை அறிந்தே அந்நிறுவனங்கள் ஆண்டுதோறும் புதியோரைச் சேர்க்கின்றன. வெளியேறியவர் ஒரு கம்பனியில் உயர்பதவி பெறின், நாளை அவரே அந்நிறுவனத்தின் வாடிக்கையாளராதலும் உண்டு. ஆகவே விலகுதல் தோல்வியெனக் கருதத்தக்கதன்று. எதைக் கையிற் கொண்டு விலகுகிறார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வரிவீதங்களை மனனஞ் செய்தவர் அதைக் கொண்டு நெடுந்தூரம் செல்ல முடியாது. வரிச்சட்டம் அடிக்கடி மாறும் இயல்புடையது. இத்தீவில் வருமானவரி 1932 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. 1958 இல் கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் இங்கு வந்து ஆலோசனை கூற, ஒருவர் ஈட்டுவதற்கு மட்டுமன்றிச் செலவிடுவதற்கும் வரி என்ற புதுமை 1959 இல் சட்டமாயிற்று. சில ஆண்டுகளில் அது நீங்கியது. 1976 இல் மீண்டும் தோன்றி, விரைவில் மறைந்தது. பெறுமதி சேர் வரியின் கதையும் அத்தகையதே. 2019 டிசம்பரில் அது நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என ஏறியது. மனனஞ் செய்த எண்கள் இவ்வாறு பழையனவாகிவிடும்.

பழையதாகாத திறமை வேறொன்று உண்டு. கணக்கேடு காட்டும் இலாபமும் வரிக்குரிய இலாபமும் ஒன்றல்ல. விருந்துபசாரச் செலவைக் கம்பனி தன் கணக்கிற் செலவாக எழுதலாம். வரிச்சட்டம் அதை ஏற்பதில்லை. இயந்திரத்தின் தேய்மானத்தைக் கம்பனி தன் மதிப்பின்படி கழிக்கலாம். சட்டம் தான் வகுத்த முறைப்படியே கழிவு கொடுக்கும். இவ்வாறு ஒவ்வொரு செலவையும் எடுத்து, அதன் உண்மைத் தன்மை யாது, சட்டத்தின் எந்தச் சொல் அதற்குப் பொருந்தும், அதை மெய்ப்பிக்கும் பற்றுச்சீட்டு எங்கே என்று வினவும் பழக்கமே வரிப்பகுதி தரும் கல்வி. சட்டத்தையும் கணக்கையும் ஒருங்கே வாசிக்கத் தெரிந்தவர் எந்நாட்டிலும் மிகுதியாக இல்லை.

இக்கல்வி பெற்றவர்க்கு முன்னுள்ள வழிகளுள் அதிகமானோர் நாடுவது, ஒரு கம்பனியின் வரி முகாமையாளர் பதவி. நிறுவனத்திலிருந்தபோது அவர் முடிந்துபோன செயலுக்குக் கணக்குப் பார்த்தார். கம்பனிக்குள் வந்த பின், செயல் நிகழுமுன்பே அவரிடம் ஆலோசனை கேட்கப்படுகின்றது. வேலை நேரமும் பெரும்பாலும் ஒழுங்காயிருக்கும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வரியை மட்டுமே அறிந்தவர் வரி முகாமையாளராகவே நின்றுவிடக்கூடும். நிதிப் பணிப்பாளர் என்ற நிலைக்கு உயர விரும்புபவர் உற்பத்திச் செலவுக் கணக்கு, வங்கிக்கடன், பணப்புழக்கம் ஆகியவற்றையும் கற்றுக்கொள்ளல் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் விலகுவோர்க்குக் கிளைமாறுதல் எளிது. பத்தாண்டு கழித்து விலகுவோர்க்குச் சம்பளம் உயர்வாயிருக்கலாம். ஆயினும் அவருக்குத் திறக்கும் கதவுகள் சில.

கடல்கடந்து செல்ல எண்ணுவோர் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். கணக்காய்வாளர் கற்ற சர்வதேச நியமங்கள் பல நாடுகளிற் செல்லும். வரிச்சட்டமோ நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். இலங்கைச் சட்டத்தில் வல்லவர் மெல்பேணில் மீண்டும் மாணவராக வேண்டியிருக்கும். எனினும் இரு துறைகள் எல்லை தாண்டிப் பயன்படுவன. ஒன்று, பெறுமதி சேர் வரி. அதன் அடிப்படை பல நாடுகளில் ஒன்றே. ஐக்கிய அரபு அமீரகம் 2018 இல் அவ்வரியையும், 2023 ஜூனிலிருந்து கம்பனி இலாபத்தின்மேல் நூற்றுக்கு 9 வீத வரியையும் கொண்டுவந்தபோது, அங்கே வரி அறிந்தோருக்கு வேலைகள் பிறந்தன. மற்றையது, பல நாடுகளிற் கிளை பரப்பிய கம்பனிகள் தமக்குள் விற்று வாங்கும் விலையை ஆராயும் துறை. ஆண்டுக்கு 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் வருமானம் பெறும் கம்பனிக் குழுமங்கள் எந்நாட்டிலும் குறைந்தது நூற்றுக்கு 15 வீதம் வரி செலுத்த வேண்டுமென 2021 இல் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உடன்பட்டதன் பின், இத்துறை மேலும் விரிந்துள்ளது.

கணக்கைவிடச் சட்டத்திலே சுவை கண்டவர் சட்டத்தரணியாகலாம். இறைவரித் திணைக்களத்தின் முடிவை ஏற்காதவர் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குச் செல்கிறார். அங்கும் தீராத சட்டப் பிரச்சினை மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அடைகின்றது. அவ்வழக்குகளிற் கணக்கேட்டின் பொருளை நீதிபதிக்கு எடுத்துரைக்கத்தக்க சட்டத்தரணி அரிது. ஆனால் மீண்டும் சில ஆண்டுப் படிப்பும், தொழில் தொடங்கியபின் சில ஆண்டு வறட்சியும் தாங்கும் வசதி வேண்டும்.

இனி, மேசையின் மறுபக்கத்தில் அமரும் வழியொன்று உண்டு. அது அரசின் இறைவரித் திணைக்களம். போட்டிப் பரீட்சை எழுதி அங்கே செல்வோரின் சம்பளம் தனியார் நிறுவனத்தினதைவிடக் குறைவே. ஆயினும் இந்நாட்டின் அண்மை வரலாற்றை மறவாதவர் அப்பதவியை இலேசாக எண்ணார். 2019 இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டன. தொற்றுநோயும் வந்து சேர்ந்தது. அரசின் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்குப் பத்துக்குங் கீழே வீழ்ந்தது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்காக வரிசையில் நின்றதும், மருத்துவமனைகளில் மருந்து அருகியதும் எல்லோர்க்கும் தெரிந்தனவே. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. வரி வருமானம் குன்றியது அவற்றுள் முக்கியமான ஒன்று. கம்பனிகள் தம் கணக்கை எவ்வாறு அமைக்கின்றன என்பதை உள்ளிருந்து கண்ட ஒருவர் திணைக்களத்துக்குச் செல்வாராயின், நாட்டுக்கு அவரால் விளையும் பயன் பெரிது.

மேசையின் இருபக்கமும் அறிந்தவரிடமே ஆபத்தும் உண்டு. அவுஸ்திரேலியாவில் 2023 இல் வெளியான நிகழ்ச்சி இதற்குச் சான்று. உலகின் நான்கு பெரும் கணக்காளர் நிறுவனங்களுள் ஒன்றான பிறைஸ்வோட்டர்ஹவுஸ்கூப்பர்ஸின் பங்காளர் ஒருவர், பன்னாட்டுக் கம்பனிகளின் வரித் தவிர்ப்பைத் தடுக்கும் சட்டம் பற்றி அந்நாட்டு அரசுக்கு ஆலோசனை கூற அழைக்கப்பட்டிருந்தார். இரகசியமாகக் காக்க உறுதியளித்த செய்திகளை அவர் தம் சகபாடிகளுக்குத் தெரிவித்தார். வாடிக்கையாளரைப் பெற அவை பயன்படுத்தப்பட்டன. உண்மை வெளியானபோது அவர் வரித்தொழில் செய்யும் பதிவை இழந்தார். நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். அரசுக்கு ஆலோசனை வழங்கும் தன் பகுதி முழுவதையும் நிறுவனம் ஒரேயொரு டொலருக்கு விற்றது. சட்டம் அனுமதிக்கும் வழியில் வரியைக் குறைத்தல் வேறு. வருமானத்தை மறைத்தல் வேறு. நம்பி ஒப்படைத்ததை விற்றல் வேறு. இவற்றினிடையே உள்ள எல்லைகளைக் காப்பவரே எவ்வழியிற் சென்றாலும் நிலைப்பர். முன்னை நிறுவனத்தின் இரகசியத்தைப் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்பவரை, அப்புதிய இடத்தவரும் நெடுநாள் நம்பமாட்டார்.

இறுதியாக, அதிகம் பேசப்படாத வழியொன்று. அது சொந்த ஊரிற் சிறு அலுவலகம் அமைத்தல். கம்பனிகளுக்குக் கொழும்பிலே ஆலோசகர் பலர் உளர். வவுனியாவில் அரிசியாலை வைத்திருப்பவர்க்கும், மட்டக்களப்பில் மீன் வாடி நடத்துபவர்க்கும், யாழ்ப்பாணத்தில் தனி மருத்துவமனை தொடங்கிய வைத்தியர்க்கும் யார் உளர்? வரி இலக்கம் பெறுதல் பற்றிய புதிய விதிகள் 2024 இல் வந்தபோது, பதிவு செய்தவர் எல்லோரும் வரி செலுத்த வேண்டுமோ என்று மயங்கியோர் பலர். பதிவு வேறு, வரிக் கடப்பாடு வேறு என்று தாய்மொழியில் விளங்க உரைப்பவர் ஊர்தோறும் தேவைப்பட்டனர். இவ்வழியில் முதலிரு ஆண்டு வருமானம் மெலிந்திருக்கும். வாடிக்கையாளரே பணம் தரப் பிந்துவர். “எல்லோரும் மறைக்கிறார்களே, எனக்கும் மறைத்துத் தாருங்கள்” என்று கேட்கும் உறவினரிடம் மறுத்துரைக்கும் துணிவும் வேண்டும்.

தெரிவு செய்யுமுன் அப்பெண் தன்னையே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம். நான்கு ஆண்டில் விரும்பிச் செய்த பகுதி எது: கணக்கா, சட்டமா, மனிதர்க்கு விளக்குவதா? இன்னும் கல்லாத பகுதி எது? எப்பக்கத்தில் அமர்ந்தால் இரவு அமைதியாக உறங்க முடியும்? இவற்றுக்கு நேர்மையாக விடை கண்டபின் சம்பளத்தைப் பற்றி எண்ணுதல் முறை. சம்பளத்தையே முதலில் எண்ணியவர் ஈராண்டில் மறுபடியும் இடம் தேடுவது வழக்கம்.

ஊர் என்ன சொல்லும் என்று தகப்பனார் கேட்டார். ஊர் சில நாள் ஏதேனும் பேசும். பின்பு ஒருநாள், இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதமொன்று வந்து சேரும் வீட்டில், பெரியவர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதை அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டுவோம்” என்பார். அவ்வாறு நம்பி எடுத்துச் செல்லத்தக்கவராக அவள் இருப்பாளாயின், நான்கு நவம்பர் மாதத்து உழைப்பும் வீண்போகவில்லை என்று தகப்பனாரே உணர்வார்.