மீனுக்கு விடும் ஓய்வு நாட்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் தடைக்காலத்தைக் குறித்து எழுந்த விவாதம் முடிவு காணாமலே நின்றது தங்களுக்கு நினைவிருக்கும். "கடலன்னை கொடுப்பதை எண்ணி எடு, நாள் பார்த்து எடு என்று சொல்லக் கரையிலிருப்பவருக்கு என்ன உரிமை?" என்று பெரியவர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. பிற தேசத்தார் ஒரு மீனின் பொருட்டுப் பட்ட பாட்டை எடுத்துரைத்தால், அவ்வினாவிற்கு விடை காண்பது எளிதாகலாம் என்று கருதி யாம் இன்று பேச முன்வந்தோம்.

அமெரிக்க தேசத்தின் கீழ்கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்றொரு மீன் உண்டு. வெள்ளி மேனியில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். செசபீக் விரிகுடாவில் இதனை ராக்பிஷ் என்பர். கடலில் வாழ்ந்து, வசந்த காலத்தில் ஆற்று நன்னீர் தேடி ஏறி முட்டையிடுவது இதன் இயல்பு. நம் கொடுவா இதற்கு நேர்மாறு. அது முட்டையிடக் கடல்முகம் நோக்கி இறங்கும். தூண்டிற்காரர் பொழுதுபோக்காகப் பிடிக்க விரும்பும் மீன்களுள் இது முதன்மையானது. வலைத்தொழிலாளர்க்கும் இதுவே நெடுங்காலம் சோறிட்டது. இவ்விரு சாராரும் ஒரே மீனை நாடியதே வழக்கின் வேர்.

இம்மீனைக் காக்கும் எண்ணம் புதிதன்று. 1639-ஆம் ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் இதனை வயலுக்கு எருவாக இடலாகாது என்று விதித்தனர். 1670-இல் பிளிமத் குடியேற்றத்தார் மீன்பிடி வருவாயை இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றிற்கு ஒதுக்கினர். (நம் சங்கத்துக் கல்வி நிதியின் பொக்கிஷதார் இதனைச் சற்றுக் குறித்துக்கொள்வாராக!)

இனி அழிவு வந்த வரலாறு. 1973-இல் வலைத்தொழிலாளர் கரை சேர்த்தது ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் ராத்தல். பத்தே ஆண்டுகளில், 1983-இல், அது சுமார் 35 லட்சம் ராத்தலாகச் சுருங்கிற்று. ஆற்றுநீர் கெட்டதும் ஒரு காரணமென்றனர். எனினும் முட்டையிடும் வயதை அடையுமுன்னரே மீனைப் பிடித்துவிட்டதே தலையான காரணமென்று அறிஞர் முடிவு கண்டனர். இதன் பெண்மீன் முதிர்வதற்கு நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை செல்லும். இளமையில் பிடிபடும் பெண்மீன் ஒருமுறையேனும் ஈன்றறியாது.

கரையோர ராஜ்யங்கள் பல. ஒன்று தடுத்தால் மற்றொன்று பிடிக்கும். மீனுக்கோ எல்லைக்கோடு தெரியாது. ராஜ்யங்கள் கூடி 1942-இல் அமைத்த ஆணையம் ஒன்று இருந்தும், அதன் சொல் நெடுநாள் ஆலோசனையளவிலேயே நின்றது. 1984-இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்குப் பல் வைத்தது. எந்த ராஜ்யம் ஆணையத்தின் திட்டத்தை மீறுகின்றதோ, அதன் நீர்ப்பரப்பில் இம்மீன் பிடிப்பதை மத்திய சர்க்காரே முற்றிலும் நிறுத்தலாம் என்பது அச்சட்டம்.

1985 ஜனவரி முதல் மேரிலாந்து ராஜ்யம் பிடிப்பை முழுவதும் நிறுத்திற்று. ஐந்தாண்டுகள்! வலைக்காரனுக்கும் இல்லை, தூண்டிற்காரனுக்கும் இல்லை. நண்டையும் சிப்பியையும் நம்பிக் காலந்தள்ளச் சென்ற குடும்பங்கள் பல. சிப்பியும் அக்காலத்தில் நோய்வாய்ப்பட்டு மெலிந்திருந்தது. அவர்கள் பட்ட துன்பத்தைச் சிறிதென்று நாம் எண்ணலாகாது. ஆயினும் ஒரு சிறப்பு அங்கே இருந்தது. தடை என்றைக்கு நீங்கும் என்பதற்கு அளவுகோல் ஒன்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. 1982-இல் பிறந்த பெண்மீன்களுள் நூற்றுக்கு 95 ஒருமுறையேனும் முட்டையிடும் வரை அவற்றைக் காப்பது என்பது குறிக்கோள். குஞ்சுகளின் பெருக்கத்தைக் காண அவர்கள் கையாண்ட கருவியோ நம் கரைவலையின் சிறு வடிவமே! 1954 முதல் ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் குறித்த இடங்களில் அவ்வலையை இழுத்து, அகப்படும் குஞ்சுகளை எண்ணி, வீச்சுக்கு இத்தனை என்று சராசரி கண்டு வருகின்றனர். மூன்றாண்டுச் சராசரி 8-ஐத் தாண்டினால் மீண்டும் திறப்பது என்று விதித்தனர். 1989-இல் அவ்வாண்டின் எண் 25-ஐத் தாண்டவே, 1990-இல் கட்டுப்பாட்டுடன் பிடிப்பு தொடங்கிற்று. 1995-இல் மீன்வளம் மீண்டதென்று அறிவிக்கப்பட்டது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் கேட்பதற்கு இனிதாயிருக்கும். முடியவில்லை. 2019-இல் வெளிவந்த மதிப்பீடு, மீன் மறுபடியும் குறைந்துவிட்டது என்றது. இம்முறை குறைத்தவர் பெரும்பாலும் வலைத்தொழிலாளரல்லர். அண்மை ஆண்டுகளில் பிடிப்பினால் நேரும் இழப்பிற் பத்தில் எட்டொன்பது பங்கு பொழுதுபோக்குத் தூண்டிற்காரரையே சாரும். ஆகவே 2020-இல் கடற்கரையோரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மீன், அதுவும் 28 அங்குலத்திற்குக் குறையாமலும் 35 அங்குலத்தை எட்டாமலும் இருத்தல் வேண்டும் என்றனர். சிறியதும் விடப்படும், பெரியதும் விடப்படும். பெரிய தாய்மீன் ஒன்று இடும் முட்டை பல லட்சங்களைக் கடக்கும் என்பதே காரணம். 2015-இல் பிறந்த நல்ல ஈட்டு மீன்கள் 2022-இல் அவ்வளவிற்குள் வளர்ந்து வரவே, பிடிப்பு முந்திய ஆண்டைப்போல் ஏறக்குறைய இருமடங்காயிற்று. 2023-இல் அவசரமாக மேலளவை 31 அங்குலமாகக் குறைக்க நேர்ந்தது.

விட்ட மீனெல்லாம் பிழைப்பதுமில்லை. நூற்றுக்கு 9 இறக்கும் என்று கணக்கிடுகின்றனர். சிறு எண்ணாகத் தோன்றும். ஆனால் பிடித்து விடப்படுபவை கோடிக்கணக்காதலின், 2020-இல் இவ்விதம் மாண்டவை மொத்த இழப்பிற் பாதிக்கு மேல் என்று கண்டனர். வெயிற்காலத்தில் நீர் சூடேறும்போது விடப்படும் மீன் இன்னும் மிகுதியாக மாளும். அதுபற்றியே மேரிலாந்து அவ்வாண்டில் ஆகஸ்டுப் பிற்பாதியில் இம்மீனை நாடித் தூண்டில் போடுவதையே தடுத்தது. இத்தனை செய்தும் 2019 முதல் 2025 வரை ஏழாண்டுகளிலும் அங்குக் குஞ்சுகளின் எண்ணிக்கை நெடுங்காலச் சராசரியை எட்டவில்லை. நீரின் வெப்பமும் மழையும் மாறினால் மனிதன் விதிக்கும் விதி மட்டும் போதாது. போதாதென்பதற்காக விதியைக் கைவிட்டால் மிஞ்சியிருப்பதும் போம்.

நம் கரைக்கு வருவோம். 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017 முதல் 61 நாளாயிற்று. கீழ்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆந்திரம், ஒரிசா, வங்கம் ஆகியவற்றின் கரைகளிலும் நாட்கள் இவையே. அண்டைக் கரையார் பிடிக்க நாம் பார்த்திருக்கும் நிலை இல்லை என்பது பெரும் நன்மை. ஆனால் மூன்று குறைகளை யாம் காண்கின்றோம். குடும்பமொன்றுக்கு அளிக்கும் 8,000 ரூபாயை 61 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 131 ரூபாய்; அதில் அடுப்பு எரியுமா என்று தாய்மார்களைக் கேட்டறிக. அடுத்தது, தடையினால் எந்த மீன் எவ்வளவு பெருகிற்று என்பதை நமக்கு விளங்கும் மொழியில் ஆண்டுதோறும் வந்து சொல்வாரில்லை. மேரிலாந்துத் தொழிலாளி தன் பட்டினிக்கு ஓர் எண்ணையாவது அறிந்திருந்தான். மூன்றாவது நம்முடைய குறையே. ஜூன் 15-இல் கடலேறியவுடன் விரலளவுக் குஞ்சையும் வாரி வந்து, தீவனத்திற்கும் எருவிற்கும் விற்கின்றோம். 1639-இல் அயலார் வெட்கிய செயல் இது.

கொடுவாவைப் பற்றி ஒரு வார்த்தை. அது முதலில் ஆணாக முதிர்ந்து, ஆண்டுகள் சில சென்றபின் பெண்ணாக மாறும் மீன். ஆதலின் பெருங்கொடுவா என்று நாம் மகிழ்ந்து தூக்குவது பெரும்பாலும் தாய்மீனே. முகத்துவாரத்தில் அதனை அறவே பிடியாதீர் என்று யாம் சொல்லவில்லை. சிறியது இவ்வளவு, பெரியது இவ்வளவு என்று நம் ஊரளவில் நாமே ஓரளவு வைத்துக்கொண்டால், பிறர் வந்து விதிக்குமுன் அது நம் விதியாயிருக்கும். பெரியவர் கேட்ட உரிமை வினாவிற்கு எமக்குத் தோன்றும் விடை இதுவே.

அளவு வைக்கக் கணக்கு வேண்டும். சங்க நிலையத்தில் நோட்டுப் புத்தகம் ஒன்று திறந்து வைத்திருக்கின்றோம். படகு வந்த நாள், அகப்பட்ட கொடுவாவின் எண்ணிக்கை, நீளம், வயிற்றில் சினை இருந்ததா என்ற நான்கு கட்டங்களே அதில் உள்ளன. நம் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் வந்து எழுதித் தர இசைந்திருக்கின்றனர். அடுத்த ஆண்டு தடைக்காலம் தொடங்குமுன் அக்கணக்கை இதே சபையில் படிப்போம். அளவு எத்தனை அங்குலம் என்பதை அன்று தாங்களே கூடித் தீர்மானிக்கலாம்.