பள்ளிக்கூடக் கமிட்டியில் கூலிக்காரனுக்கு இடம் உண்டு

(அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேசிப் பழகிய நம் கூட்டத்தில் இன்று ஆரம்பப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அது வாத்தியார்மார் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நமக்கென்ன என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் இன்று யாருடைய பிள்ளைகள் படிக்கிறார்கள்? பண்ணையார் வீட்டுப் பிள்ளையா? மில் மானேஜர் பிள்ளையா? அவர்களுக்கு வாசலிலே வேன் வந்து நிற்கிறது. களையெடுக்கிறவள் பிள்ளை, பீடி சுற்றுகிறவள் பிள்ளை, ஷிப்ட் பார்க்கிறவன் பிள்ளை, இவர்கள்தான் அங்கே படிக்கிறார்கள். அப்படியிருக்க, அந்தப் பள்ளியின் வரவு செலவைப் பார்க்கவும், குறையைக் கேட்கவும் நமக்கு அதிகாரம் உண்டா? உண்டு. சட்டமே கொடுத்திருக்கிறது. நம்மில் பாதிப் பேருக்கு அது தெரியாது என்பதுதான் சங்கடம்.

2009-இல் பாராளுமன்றம் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது அமுலில் இருக்கிறது. அதன் 21-ஆவது பிரிவு, பள்ளிதோறும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தள்ளப்பட்ட, ஏழை எளிய பிள்ளைகளின் பெற்றோருக்கு அவரவர் தொகைக்கேற்ற இடம் வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது ஒவ்வொன்றிலும் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது, படி கிடையாது. முழுக்க முழுக்கத் தொண்டு. காலம் இரண்டு ஆண்டு.

இந்தக் கமிட்டிக்கு என்ன வேலை? பள்ளி நடப்பதைக் கவனிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்று தயாரிப்பது. இந்த மூன்றாவது இருக்கிறதே, அதை லேசாக நினைத்துவிடாதீர்கள். 22-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கமிட்டி எழுதும் அந்தத் திட்டத்தை ஆதாரமாக வைத்துத்தான் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறது. வகுப்பறை ஒழுகினால், கக்கூசுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால், வாத்தியார் பணியிடம் காலியாகக் கிடந்தால் அதையெல்லாம் திட்டத்தில் எழுத வேண்டும். எழுதாமல் டீக்கடையில் உட்கார்ந்து புலம்பினால் அது டீக்கடையோடு போகும்.

நம் பக்கத்தில் கார் சாகுபடிக்குப் பாவநாசத்தில் தண்ணீர் திறக்கிறார்கள். கன்னடியன் கால்வாயில் வந்த தண்ணீர் கடைமடை வயலுக்கு ஏறியதா என்று யார் பார்க்கிறார்? அந்த வயலில் நிற்கிறவன்தான் பார்க்கிறான். அணையில் இருக்கிற என்ஜினீயருக்குக் கடைமடை தெரியாது. பள்ளி மானியமும் அப்படித்தான். 2018-இல் வகுத்த விகிதப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு சுத்தம், சுகாதாரத்துக்கே செலவாக வேண்டும். இந்தத் தொகை வந்ததா, எப்போது வந்தது, எதற்குப் போயிற்று என்று கேட்பது குற்றமல்ல. கேட்பதற்காகவே உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மடையில் தண்ணீரே வராவிட்டால்? அதையும் பார்த்தோம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று 'பி.எம். ஸ்ரீ' திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. டில்லியில் நடக்கிற சண்டைக்கு நம் தெருப் பிள்ளையின் கரும்பலகை பலி. எனவே கமிட்டிக்காரன் ஹெட்மாஸ்டரை மட்டும் கேட்டால் போதாது. சில கேள்விகளை டில்லிக்கும் சென்னைக்கும் அனுப்ப வேண்டும்.

பழைய கதை கொஞ்சம் சொல்கிறேன். 1953-இல் ராஜாஜி மந்திரிசபை, பிள்ளைகளுக்குப் பாதி நாள் படிப்பு, மீதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாடே கொதித்தது. 1954-இல் காமராஜ் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. பிறகு அவர் காலத்தில், 1958 முதல், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் நடந்தன. ஜனங்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குத் துணி கொடுத்தார்கள், நிலமும் கொடுத்தார்கள். மகத்தான காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அன்று ஜனங்களிடம் "கொடு" என்றார்கள். "கணக்குக் கேள்" என்று சொல்லவில்லை. கொடுக்க வசதியுள்ளவர் மேடையில் இருந்தார், கொடுக்க ஒன்றுமில்லாத கூலிக்காரர் கீழே நின்றார். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நன்கொடை கொடுத்தவன், கொடுக்காதவன் என்ற பேதம் கிடையாது. பிள்ளை படிக்கிறதா, அது போதும்.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. நம் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகளும் தனியார் நிர்வாகத்தில் நடக்கும் உதவி பெறும் பள்ளிகளும் ஏராளம். வாத்தியார் சம்பளம் சர்க்கார் பணம், நிர்வாகம் வேறொருவர் கை. 2012-இல் கொண்டுவந்த திருத்தப்படி, உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் கமிட்டி ஆலோசனை மட்டுமே சொல்லலாம். 2014-இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டமே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி டவுனில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். பாலர் முகம் பத்திரிகையில் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்க உத்தரவு பறந்தது. சுவரைத் தட்டிப் பார்த்து, "இதை இடி, இல்லாவிட்டால் பிள்ளைகளை உள்ளே விடமாட்டோம்" என்று சொல்லும் அதிகாரம் பெற்றோருக்கு எல்லாப் பள்ளியிலும் வேண்டாமா? நிர்வாகம் யாருடையதானால் என்ன, பிள்ளை நம்முடையது.

இனி நம் குறையைப் பேசுவோம். கமிட்டி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஆள் இல்லை. சிலர் வந்தாலும் நோட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். உறுப்பினராயிருப்பது மனைவி, வந்து உட்காருவது புருஷன். இது கூடாது, தாய்மார்களே. உங்கள் பெயருக்கு நீங்களே வாருங்கள். எழுத்துத் தெரியாதவர் "வாசித்துக் காட்டுங்கள், பிறகு கைநாட்டு வைக்கிறேன்" என்று சொல்லலாம். அதில் வெட்கமில்லை.

ஆனால் வராததற்கு அலட்சியம் மட்டுமா காரணம்? 2022-இல் சர்க்கார் வகுத்த நேரம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரை. அந்த நேரத்தில் மில் தொழிலாளி மிஷின் முன்னால் நிற்கிறான். நடவுக்குப் போனவள் வயலில் குனிந்திருக்கிறாள், பாதியில் கரையேறினால் அன்றைய கூலியில் கை வைப்பார்கள். முக்கூடலில் பீடி சுற்றுகிறவள் ஒன்றரை மணி நேரம் எழுந்து போனால் அன்றைய ஆயிரம் நிறையாது. அப்படியானால் கமிட்டிக்கு யார் வருவார்? கடை வைத்திருப்பவரும் காண்டிராக்டரும் வருவார்கள். ஏழைக்கு ஒதுக்கிய நாற்காலி காகிதத்தில் ஏழைக்கு, நிஜத்தில் வேறொருவருக்கு.

இங்கிலாந்தில் பள்ளி நிர்வாகக் குழுவில் தொண்டு செய்யும் தொழிலாளிக்கு வேலை நேரத்தில் நியாயமான அளவு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டம் முதலாளிக்கு விதிக்கிறது. அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்கச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அது அரைகுறைதான். ஆனாலும் முதலாளித்துவ நாடே அவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, நம் தொழிற்சங்கம் ஒப்பந்தம் பேசும் நேரத்தில் இதை ஏன் கேட்கக் கூடாது? மாதத்தில் ஒன்றரை மணி நேரம், கூலிப் பிடித்தம் இல்லாமல். கேட்போம். அதுவரை, கூட்ட நேரத்தை அறுப்பும் நடவும் இல்லாத வேளைக்கு மாற்றும்படி ஒவ்வொரு கமிட்டியும் தீர்மானம் போட்டு மேலே அனுப்பட்டும்.

ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன் படித்த பையன்கள்தான். அந்த விஷம் மேல்வகுப்பில் திடீரென்று முளைத்ததா? ஒன்றாம் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார், காலைச் சாப்பாட்டை யார் சமைத்தால் யார் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், அங்கேதான் விதை. சேரித் தாயும் ஊர்த் தாயும் ஒரே பாயில் உட்கார்ந்து கமிட்டி நடத்தினால் பிள்ளைகள் அதைப் பார்க்கும். காலனிக்காரர் பெயரை எழுதிக்கொண்டு, அவர் வீட்டுக்கு நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் எங்கேயாவது இருந்தால் அதை உடையுங்கள்.

டீச்சர்மாரை மிரட்டுவதற்கு இந்தக் கமிட்டி இல்லை. அவர்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்கள். மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு அவர்களை இழுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரே டீச்சர் ஐந்து வகுப்பை மேய்த்துக்கொண்டிருந்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள். இரண்டாவது டீச்சரைக் கேட்டுத் திட்டத்தில் எழுதுங்கள்.

உங்கள் பள்ளியில் கமிட்டி உறுப்பினர் யார் யார் என்ற பட்டியலை நாளைக்கே கேட்டு வாங்குங்கள். கடைசியாக எழுதிய வளர்ச்சித் திட்டத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த இரண்டு காகிதத்தோடு வாருங்கள், ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்ப்போம். இப்போது கேள்விகளைக் கேளுங்கள், முதலில் தாய்மார்கள்.