திருந்திய வில்லனும் திறவாத வாசலும்



யூபிலி விழா மேடையில் தொடர்கதையைப் பற்றிய பேச்சா என்று நீங்கள் வியக்கலாம். நம் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓய்ந்த பின்னும், பூக்கட்டும் கைகள் ஓயாத வேளையிலும், இல்லந்தோறும் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு வார இதழ்த் தொடர்கதை இருந்த இடத்தில் இன்று அது அமர்ந்திருக்கிறது. நாள்தோறும் நாம் காண்பதைக் குறித்துச் சற்றே சிந்திப்பது தகுமன்றோ?

இத்தொடர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரித்து, சொத்தைப் பறித்து, பழி சுமத்திய வில்லி, கடைசி வாரத்தில் காலில் விழுந்து அழுவாள். எல்லாரும் மன்னிப்பார்கள், சுபம் போடுவார்கள். ஆயினும் நம் மனம் நிறைவதில்லை. ஏனெனில் அவள் கண்ணீர் விட்டாளேயன்றி, பறித்ததில் ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' கதையை நம்மில் பலர் வாசித்திருக்கிறோம். 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாகவும் கண்டோம். அதில் பெரிய பழுவேட்டரையர் யார்? போரில் 64 விழுப்புண் பெற்ற வீரர். சோழ நாட்டின் தனாதிகாரி. அவரே பட்டத்து இளவரசருக்கு எதிராகச் சிற்றரசர்களைக் கூட்டிச் சதி செய்கிறார். பின்னர் கொள்ளிடத்து வெள்ளத்தில் அகப்பட்டுத் தப்பியவர், நந்தினி தம்மை ஏமாற்றியதை அறிகிறார். உடனே இளவரசரைக் காக்க விரைகிறார். காலம் கடந்துவிடுகிறது. ஆயினும் தம் குற்றத்தை மூடி மறைக்காமல் எடுத்துச் சொல்கிறார். அம்மனமாற்றத்தை நாம் நம்புகிறோம். வாரந்தோறும் நெடுங்காலம் காத்திருந்த வாசகர்களும் அதற்காகவே அவர்பால் இரங்கினார்கள். கௌரவமே உயிரென வாழ்ந்தவர், அக்கௌரவத்தையே விலையாகக் கொடுத்தாரல்லவா?

விவிலியத்தின் தொடக்க நூலிலும் இத்தகைய ஒருவரைக் காண்கிறோம். தம்பி யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர் யூதா. விலை 20 வெள்ளிக்காசு. 20 ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், எகிப்தில் அதே நிலை மீண்டும் வருகிறது. தந்தையின் செல்லப் பிள்ளையான மற்றொரு தம்பி பென்யமின் அடிமையாகப் போகிறான். இம்முறை யூதா, 'அவனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன்' என்று முன்வருகிறார். பழைய பாவம் நிகழ்ந்த அதே சூழலில் புதிய மனிதராக நிற்பதே மனமாற்றத்தின் சான்று. அதன் பின்னரே யோசேப்பு தம்மை வெளிப்படுத்துகிறார்.

இனி நம்மிடம் வருவோம். பழுவேட்டரையருக்காக உருகுகிற நாம், நம் தெருவில் என்ன செய்கிறோம்? குடியை விட்டு ஓராண்டாக ஒழுங்காகத் தறிக்குப் போகிறவரை இன்னும் 'குடிகாரன்' என்றே அழைக்கிறோம். சிறைத் தண்டனை முடிந்து வந்தவருக்கு வாடகைக்கு வீடு தர மறுக்கிறோம். அவருடைய மகளைப் பெண் கேட்கவும் தயங்குகிறோம். கதையில் வரும் வில்லன் திருந்தினால் நமக்குச் செலவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் திருந்தினால் நாமும் மாறவேண்டியிருக்கிறது!

கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அடிபட்ட மனைவியும் ஏமாற்றப்பட்ட பங்காளியும் அஞ்சுவதில் நியாயம் உண்டு. யோசேப்பே தம் சகோதரரைச் சோதித்தறிந்தார். ஆனால் சோதிப்பது வேறு, வாசலை அடைத்துவிடுவது வேறு. சோதிக்கிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அடைத்தவர் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

லேவியர் நூல் கூறும் யூபிலி ஆண்டு எதற்காக? விற்கப்பட்ட நிலம் உரியவரிடம் திரும்பவும், அடிமையானவர் தம் குடும்பத்துக்குத் திரும்பவுமே. வீடு திரும்பும் ஆண்டே யூபிலி. கொடிமரமும் வாணவேடிக்கையும் விழாவுக்கு அழகுதான். எனினும் பல ஆண்டுகளாக ஆலயத்தின் கடைசித் தூணருகே ஒதுங்கி நிற்கும் ஒருவரை, 'வாங்க அண்ணாச்சி, இங்கே வந்து உட்காருங்க' என்று நம்மில் ஒருவர் அழைத்தால், அன்றே நம் பங்கில் யூபிலி தொடங்கிவிட்டது எனலாம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக!