புதிய கைத்துப்பாக்கியும் பழைய பழக்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கற்றறிந்தோர் நிறைந்த இவ்வவையில் இலக்கியம் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எடை போட்டுச் சீட்டு எழுதுவதே எங்கள் தொழில். ஆயினும், சென்ற ஆண்டில் எங்கள் இல்லத்துக்கு வந்த புதிய கைத்துப்பாக்கியைப் பற்றிக் காலனியில் பலரும் வினவிய வண்ணம் இருந்தமையால், அதனையே பேசுமாறு செயலாளர் பணித்தார். அப்பணிப்பை ஏற்று நிற்கின்றோம்.

“பெண் குழந்தையின் கையில் துப்பாக்கி எதற்கு?” என்பதே பலரும் கேட்ட முதற் கேள்வி. பதினாறு வயதுடைய எங்கள் மகள் மூன்று ஆண்டுகளாகப் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி பெற்று வருகின்றாள். இது போர்க்கருவி அன்று. இதில் வெடிமருந்து இல்லை. உருளையில் அடைத்த அழுத்தக் காற்றே 4.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஈயக் குண்டை உந்துகின்றது. எனினும் விளையாட்டுப் பொம்மையும் அன்று. கண்ணிற் பட்டால் கண் போய்விடும். ஆதலால் சுடாத வேளையில் குழலினுள் வண்ணக் கயிறு ஒன்று செருகியிருத்தல் வேண்டும் என்பது கண்டிப்பான விதி. பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், அதாவது நம் சட்டைப் பொத்தான் அளவு. ஒரே கையால் ஏந்தி நின்று, 75 நிமிடங்களில் 60 குண்டுகள் சுடவேண்டும்.

நம்மவர்க்கு இத்துறை புதிதும் அன்று. கடலூரில் பிறந்து, நம் பிள்ளைகளைப் போலவே வெளி மாநிலத்தில், அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்று ரைபிள் பிரிவில் 2019-ஆம் ஆண்டு ரியோ நகரில் உலகக் கோப்பைத் தங்கம் பெற்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ரைபிள் பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர். எங்கள் அலுவலகத்தில் அன்று இனிப்பு வழங்கினோம்.

இனி, எங்கள் கதைக்கு வருகின்றோம். பயிற்சிக் கூடத்தில் இருந்த பழைய துப்பாக்கி ஒன்றை நான்கு பிள்ளைகள் மாறி மாறிப் பயன்படுத்தினர். அதன் மரப்பிடி தேய்ந்து எவர் கைக்கும் பொருந்தாத நிலையில் இருந்தது. மகளுக்கென ஒன்று வேண்டும் என்றார் பயிற்சியாளர். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். விலையோ இரண்டு லட்சத்தை நெருங்கியது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றோம். வீட்டில் இருந்த வளையல் இரண்டும் அடகுக் கடைக்குச் சென்றன. மூன்று மாதம் காத்திருந்தபின் பெட்டி வந்தது. அதனுள் துப்பாக்கியுடன் சிறு அட்டை ஒன்றும் இருந்தது. தொழிற்சாலையில் சோதனைக்காகச் சுட்ட ஐந்து குண்டுகளும் ஒரே துளையிற் சென்றிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பத்தோடு கூடத்துக்குச் சென்றோம். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள அக்கருவி, கையில் ஏந்தியபோது அத்தனை கனமாகத் தோன்றவில்லை. பிடி உள்ளங்கையோடு ஒட்டி நின்றது. மகள் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. ஆனால் முதற் குண்டு, அவள் குறி வைத்து முடிக்கும் முன்னரே பாய்ந்துவிட்டது! விதிப்படி விசையின் எடை 500 கிராமுக்குக் குறையலாகாது. புதிய துப்பாக்கி அந்த எல்லைக்குச் சற்று மேலே அமைக்கப்பட்டிருந்தது. பழையதன் விசையோ மிகக் கடினமானது. அறுபது குண்டுகளுக்கு 509 புள்ளிகளே கிடைத்தன. பழைய துப்பாக்கியில் 540-க்குக் குறையாமல் எடுத்தவள் அவள்.

அன்றிரவு அவள் உணவு கொள்ளவில்லை. எங்களுக்கோ சினம் மூண்டது. ஏமாற்றப்பட்டோம் என்றே எண்ணி, விற்றவருக்குக் கடுமையான கடிதம் ஒன்று எழுதி முடித்தோம். அதனை அனுப்பும் முன் பயிற்சியாளரிடம் காட்டியதே நல்லதாயிற்று. அவர் ஒன்றும் கூறாமல், துப்பாக்கியை மேசைப் பிடிக்கருவியில் இறுக்கிப் பொருத்தி ஐந்து குண்டுகள் சுட்டார். பெட்டியில் வந்த அட்டையில் இருந்தவாறே, ஐந்தும் ஒரே துளை!

“கருவியில் குறையில்லை. கடின விசைக்குப் பழகிய விரல், வெடுக்கென்று பறிக்கின்றது. அதனைப் பழைய துப்பாக்கி மறைத்தது, புதியது காட்டிக் கொடுக்கின்றது” என்றார் அவர்.

அதனைக் கேட்டதும் எங்கள் அலுவலகத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. மின்னணுத் தராசு வந்த புதிதில், அது பொய் சொல்கின்றது என்று குறை கூறியோருள் நாங்களே முதல்வர். படிக்கல் வைத்துச் சோதித்தபோது, இத்தனை ஆண்டுகளும் பொய் சொன்னது பழைய தராசே என்பது தெளிவாயிற்று. தொழிலிற் கற்ற பாடத்தை வீட்டில் மறந்தோம். கடிதத்தைக் கிழித்தெறிந்தோம்.

பின்னர் இரண்டு வாரங்கள் மகள் ஒரு குண்டும் சுடவில்லை. வெறும் விசையை மட்டும் மெல்ல அழுத்திப் பழகினாள். அடுத்து, வட்டமே இல்லாத வெள்ளை அட்டையை நோக்கிச் சுட்டாள். கண் நிலைக்க வேண்டிய இடம் அட்டையன்று, குழல் முனையில் உள்ள முன்குறியே. கருவட்டம் மங்கலாகத் தெரிந்தாற் போதும் என்பதை இப்பயிற்சியால் அவள் உணர்ந்தாள். உள்ளங்கையில் உறுத்திய இடத்தில் மரப்பிடியை உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்தோம். ஆறாம் வாரத்தில் 548 புள்ளிகள் வந்தன.

இது பெரிய வெற்றியன்று. மாநில அணிக்கு இன்னும் நெடுந்தூரம் உண்டு. கடனும் தீரவில்லை. கருவி பழுதுறுவதே இல்லை என்றும் கூறமாட்டோம். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாயிற்று. அவர் இறுதிச் சுற்றை இழந்தார். அவரே 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலங்கள் வென்றார். ஆனால் கருவியைப் பழிக்கு முன் கையைச் சோதித்துப் பார்த்தல் முறை. அதனினும் முதன்மையானது ஒன்று உண்டு: முதல் நாளைக் கண்டு குழந்தையையும் பழித்தல் ஆகாது.

அன்று கூடத்திலிருந்து திரும்பும் வழியில், “இத்தனை பணம் கொட்டியும்…” என்று தொடங்கிய சொல் ஒன்று எங்கள் வாயிலிருந்து பாதி வந்துவிட்டது. மகள் அதனைக் கேட்டாள். 509 என்ற எண் மறைந்தது. அப்பாதிச் சொல் இன்னும் எங்கள் நெஞ்சை விட்டு மறையவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு நூலோ, வீணையோ, மட்டையோ வாங்கித் தரும் பெற்றோர் யாவர்க்கும் இதனையே கூற விழைகின்றோம்.

தொழிற்சாலை அட்டை இப்போது மகளின் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டப்பட்டுள்ளது. காண விரும்புவோர் ஞாயிறு காலை பயிற்சிக் கூடத்துக்கு வருக. கோட்டுக்கு இப்பால் மட்டும் நிற்க.