கடதாசிப் பையில் ஒரு குடும்ப அல்பம்

(பெல்மதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில், தாய்மார் மத்தியில் நிகழ்த்திய பேச்சு)



"உடுப்பு துவைக்கவே நேரமில்லை, இதுல அல்பம் வேறயா?" என்று சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரிங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்க பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இப்போ எங்கே இருக்கு? தகரப் பெட்டியிலா, தலையணை உறைக்குள்ளா, கூரைச் சட்டத்தில் செருகியா?

நம்ம சனத்துக்குக் கடதாசி சின்ன விஷயமில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இந்த நாட்டில் பிறந்ததைக் காட்டச் சொன்னது. பல குடும்பங்களிடம் காட்ட ஒரு துண்டுகூட இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாகக் குடியிருந்தவரா, அவர் வழி வந்தவரா என்பதுதான் கேள்வியாக இருந்தது. பழைய கடதாசி நமக்காகப் பேசும்.

கடதாசிப் பைக்கே ஒரு கதை இருக்கு. அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்ற பெண், சிறு வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போனவர். அடி தட்டையான பைகளைச் செய்யும் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். வேறொருவர் அதைத் தன்னுடையது என்று பதியப் பார்த்தார். மார்கரெட் தன் வரைபடங்களைக் கொண்டுபோய்க் காட்டி வழக்கில் வென்று, 1871இல் ஆக்கவுரிமை பெற்றார். எடுத்து வைத்த கடதாசிதான் அவருக்குச் சாட்சி.

இனி வேலைக்கு வருவோம். கடையில் தர்ற பெரிய பிறவுண் பேப்பர் பைகள் ஆறு எடுங்க. எண்ணெய் படாததாக, சான்றிதழை மடிக்காமல் வைக்கக்கூடிய அளவாக இருக்கட்டும். கைபிடியை வெட்டி, பையைத் தட்டையாக நீவி விடுங்க. எல்லாப் பையின் அடிப்பக்கமும் ஒரே பக்கம் வர அடுக்குங்க. வாய்ப்பக்கம் வெளியே இருக்கணும். மேலும் கீழும் காட்போட் மட்டை வைத்து, அடிப்பக்க ஓரத்தில் மூன்று துளை போட்டு, கெட்டி நூலால் கட்டுங்க. ஒவ்வொரு பக்கமும் இப்போ ஒரு பொக்கெட்.

முதல் பொக்கெட்டில் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள். அடுத்ததில் பிள்ளைகளின் தடுப்பூசி, கிளினிக் அட்டைகள். பிறகு சம்பளத் துண்டுகள், ஈ.பி.எப். கடதாசிகள். வைக்கும்போதே பெயரையும் பிறந்த திகதியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்க. ஒன்றில் 'லெட்சுமி', இன்னொன்றில் 'இலட்சுமி' என்றிருந்தால் இப்பவே திருத்தக் கேளுங்க. ஓய்வு பெறும் நாளில் அலைய வேண்டாம்.

எதையும் பசை போட்டு ஒட்டாதீங்க. எங்க அப்பாயிக்கு இருந்தது ஒரே ஒரு படம். சின்ன வயசில் நான் அதை மாப்பசையால் கொப்பியில் ஒட்டிவிட்டேன். அடையாள அட்டைப் பிரச்சினைக்காக அதைப் பிரித்தபோது முகம் கிழிந்துபோனது. இன்றைக்கு என் பிள்ளைகளுக்குக் காட்ட அவங்க முகம் இல்லை.

படத்துக்கும் பிறவுண் பேப்பருக்கும் நடுவே வெள்ளைத் தாள் வையுங்க. பிறவுண் பேப்பர் பட்டே இருந்தால் நாளடைவில் படம் மஞ்சளாகும். படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாகப் பெயர், முறை, வருடம், எந்தத் தோட்டம் என்று எழுதுங்க.

அலங்காரம் பிள்ளைகளின் வேலை. தை, மாசியில் இறப்பர் மரம் உதிர்க்கிற செவந்த இலையைப் பழைய பேப்பருக்குள் ஒரு வாரம் அழுத்தினால் அட்டைக்கு அழகு. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சுக் குத்தினால் பூப்போல வரும். பழைய சேலைக் கரையால் சுற்றிக் கட்டுங்க. மாப்பசை அட்டைக்கு மட்டும், அதுவும் நல்லாக் காய்ந்த பிறகே மூடணும். இல்லாவிட்டால் கரப்பானுக்குத்தான் விருந்து.

இது இரத்தினபுரி மழை. 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும் நமக்கு மறக்காது. அல்பத்தைப் பொலித்தீன் பையில் போட்டு, ஒழுகாத உயரமான இடத்தில் வையுங்க. மாதம் ஒரு நாள் எடுத்து நிழலில் காற்றாட விடுங்க. அவசரத்துக்கு வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால், பிள்ளையை ஒரு கையிலும் இதை மறு கையிலும் எடுங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஆறு பையோடு வாங்க, சேர்ந்தே செய்வோம்.